யூஎச்-1எச் ஹெலிகாப்டரின் முதன்மை ரோட்டர் அதிர்வைச் சீராக்குதல்: ஆய்வு முதல் பதிவேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

யூஎச்-1எச் ஹெலிகாப்டரை ஓட்டி இறங்கிய விமானி “ஆட்டம் அதிகம்” என்று பதிவேட்டில் எழுதினால், புதிதாக வேலைக்கு வந்த டெக்னீஷியன் பெரும்பாலும் முதலில் எடுப்பது அதிர்வு அளக்கும் கருவிப் பெட்டியைத்தான். அந்த அவசரத்தால் வேலை இரண்டு மடங்காகிறது. தேய்ந்த பேரிங்கு ஒன்றால் வரும் அதிர்வையும் எடை சேர்த்துச் சில மணி நேரப் பறப்புக்கு அடக்கிவிட முடியும். ஆனால் தேய்மானம் அப்படியே இருப்பதால் அதிர்வு திரும்பி வரும், அதற்குள் பழுதின் சுவடும் மறைந்திருக்கும். ஆகவே இங்கே சொல்லப்படும் வரிசையில் கருவி நடுவில்தான் வருகிறது. அதற்கு முன்னால் கேள்வியும், கண்ணும், கையும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

எல்லைமதிப்புகள், முறுக்கு அளவுகள், இடைவெளிகள் ஆகியவற்றை உங்கள் ஹெலிகாப்டருக்கான நடப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அமெரிக்கத் தரைப்படையின் யூஎச்-1எச் பராமரிப்புக் கையேடு டி.எம். 55-1520-210-23 என்ற எண்ணைக் கொண்டது. இந்த வழிகாட்டி அதற்கு மாற்றாகாது. அதிலுள்ள படிகள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்பதை விளக்குவதே இதன் வேலை.

1. எந்த எண்ணைத் தேடுகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

என்ஜின் 6,600 ஆர்.பி.எம். காட்டும்போது இந்த ஹெலிகாப்டரின் முதன்மை ரோட்டர் நிமிடத்துக்கு 324 சுற்றுகள் சுழல்கிறது. அதாவது நொடிக்கு 5.4 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் அதிர்வு 5.4 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு இருமுறை வருவது 10.8 ஹெர்ட்ஸ். வால் ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 1,650 சுற்றுகள் சுழல்வதால் அதன் அதிர்வு 27 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே விழுகிறது. இந்த மூன்று எண்களையும் மனத்தில் பதித்துக்கொண்டால், விமானியின் விவரிப்பைக் கேட்ட உடனேயே வேலையின் பாதி எல்லை தெரிந்துவிடும்.

ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் அதிர்வு இரண்டு திசைகளில் வெளிப்படுகிறது. இருக்கை மேலும் கீழுமாகக் குதித்தால் இரண்டு பிளேடுகளின் நுனிகளும் ஒரே தளத்தில் செல்லவில்லை என்று பொருள். இதைத்தான் ‘டிராக் விலகல்’ என்கிறோம். உடல் இடமும் வலமுமாக அசைந்தால் எடைச் சமநிலை தவறியிருக்கிறது. முதலாவதைப் பிட்ச் லிங்க்கும் (பிளேடின் கோணத்தை மாற்றும் தண்டு) டிரிம் டேப்பும் (பிளேடின் பின்விளிம்பில் உள்ள, வளைக்கக்கூடிய சிறு தகடு) சரிசெய்யும். இரண்டாவதை எடையும் பிளேடின் பின்சாய்வும் சரிசெய்யும். ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பதே தொடக்கத்தில் நேரும் தவறுகளில் மிகச் சாதாரணமானது.

சுற்றுக்கு இருமுறை வரும் அதிர்வை இந்த முறையால் சரிசெய்ய முடியாது. இரண்டு பிளேடு ரோட்டரில் அது இயல்பாகவே ஓரளவு இருக்கும். வழக்கத்தைவிட அது கூடினால் கியர்பாக்ஸைத் தாங்கும் பைலான் மவுண்ட்டுகள், அவற்றின் டேம்பர்கள் (அசைவை அடக்கும் பாகங்கள்), ரோட்டரின் தூக்குவிசையை உடலுக்குக் கடத்தும் லிஃப்ட் லிங்க் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். பெடலில் மட்டும் மெல்லிய நடுக்கம் உணரப்பட்டால் வால் ரோட்டரையும் அதன் இயக்கத் தண்டையும் பாருங்கள்.

2. விமானியிடம் கேட்க வேண்டியவை

“ஆட்டம்” என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் தொடங்கக் கூடாது. மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? மிதப்பு நிலையிலேயே இருந்ததா, வேகம் கூடியபோது வளர்ந்ததா? திடீரென வந்ததா, சில வாரங்களாகச் சிறிது சிறிதாகக் கூடியதா? அண்மையில் என்ன உதிரிபாகம் மாற்றப்பட்டது? இந்தக் கேள்விகளுக்கு விடை பெற்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு கேள்விகளுக்கு எடை அதிகம். திடீரென வந்த அதிர்வு என்றால் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது அல்லது பிரிந்திருக்கிறது. காரணம் தெரியும்வரை அந்த ஹெலிகாப்டரை இயக்கவே கூடாது. பிட்ச் லிங்க்கோ பிளேடோ மாற்றிய பிறகு வந்தது என்றால் அந்த இடத்திலிருந்தே தேடலைத் தொடங்கலாம். படிப்படியாகக் கூடியது தேய்மானத்தின் அடையாளம்.

3. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அதிர்வு அளக்க, யூஎச்-1 காலத்திலிருந்து பரவலாகப் பயன்பட்டுவரும் சாட்விக்-ஹெல்முத் நிறுவனத்தின் வைப்ரெக்ஸ் வகைக் கருவி அல்லது அதன் வழிவந்த டிஜிட்டல் கருவி தேவை. அதனுடன் அதிர்வை உணரும் இரண்டு முடுக்கமானிகள், ஒரு காந்த உணரி, அதற்கு எதிரே சுழன்று துடிப்பை உண்டாக்கும் இன்டரப்டர் தகடு, பிளேடு நுனியை உறையவைத்துக் காட்டும் ஸ்ட்ரோப் விளக்கு, நுனிகளில் ஒட்டும் ஒளிதிருப்பும் அடையாளங்கள், வடங்கள், அதிர்வின் அளவையும் கோணத்தையும் குறிக்க இந்த ஹெலிகாப்டருக்கு உரிய துருவ வரைபடத் தாள் ஆகியவை வேண்டும். வேறு வகை ஹெலிகாப்டரின் வரைபடம் உதவாது. உணரிகளின் இருப்பிடம் மாறினால் வரைபடத்தின் கோணங்களும் மாறிவிடும்.

கைக்கருவிகளில் டேப் வளைக்கும் கருவி, டேப் கோணம் அளக்கும் அளவி, அளவுத்திருத்தச் சான்று காலாவதியாகாத டார்க் ரெஞ்ச், லாக் வயர் (நட்டு தளராமல் கட்டும் கம்பி), அதற்கான இடுக்கி, எடைகள், கிராம் அளவில் காட்டும் தராசு ஆகியவை முக்கியம். பிளேடுகள் இணையும் நடுப்பகுதியான ஹப்பை எட்ட உறுதியான வேலை மேடை வேண்டும். சக்கரங்களைப் பூட்டாமல் அதன்மேல் ஏறாதீர்கள். மின்சாரத்துக்கு 28 வோல்ட் நேர்மின் தரைமின் வண்டி போதுமானது.

ஹெலிகாப்டரை வெளியே நகர்த்தச் சறுக்குக் கட்டைகளில் பொருத்திய தரைச் சக்கரங்களை ரோட்டரைச் சுழற்றும் முன் கழற்றி எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் ஹெலிகாப்டர் சக்கரத்தின் மேல் நின்றபடியே ஆடும். அந்த அளவீட்டுக்கு எந்தப் பொருளும் இருக்காது, ஆபத்தும் உண்டு. கருவிப் பலகையில் உள்ள ஒவ்வொரு கருவியையும் எண்ணிக் கையெழுத்திட்டு எடுப்பதை இந்தக் கட்டத்திலேயே தொடங்குங்கள். வேலை முடிந்தபின் எண்ணத் தொடங்கினால், எத்தனை எடுத்தோம் என்பதே சர்ச்சையாகிவிடும்.

4. இயந்திர ஆய்வு: இங்கே அவசரப்படாதீர்கள்

இந்த வழிகாட்டியில் நேரம் மிக அதிகமாகச் செலவிட வேண்டிய படி இதுதான்.

பிளேடுகளை முதலில் கழுவித் துடையுங்கள். பூச்சிக் கறை, எண்ணெய்ப் படலம், தூசு எல்லாம் ஒரு பிளேடில் மட்டும் படிந்திருந்தால் அதன் காற்றியக்கமும் எடையும் மாறிவிடும். எவ்வளவு மாறும் என்ற ஐயம் வருபவர்களுக்காக ஒரு கணக்கு: 48 அடி விட்டமுள்ள இந்த ரோட்டரின் நுனி நொடிக்குச் சுமார் 248 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நுனியில் 10 கிராம் எடை கூடுதலாக இருந்தால், 324 ஆர்.பி.எம்.மில் அது ஹப்பை வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 84 நியூட்டன், அதாவது எட்டரைக் கிலோ எடைக்கு இணையானது. புதிய பெயின்ட், சிறு ஒட்டுவேலை, உள்ளே தேங்கிய நீர் ஆகியவற்றை ஏன் அலட்சியப்படுத்தக் கூடாது என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது.

அதன்பின் பிளேடின் மேற்பரப்பைத் தட்டிப் பாருங்கள். இந்தப் பிளேடுகள் அலுமினியத் தேன்கூட்டு உள்ளகத்தின் மேல் தகடு ஒட்டப்பட்டவை. ஒட்டு விட்ட இடத்தில் ஒலி மந்தமாக மாறும். முன்விளிம்பில் உள்ள அரிப்புத் தடுப்புப் பட்டை தூக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நீர் வடியும் துளைகள் திறந்திருக்க வேண்டும். டிரிம் டேப்பின் மடிப்புக் கோட்டில் விரிசல் இருக்கிறதா என்பதை உருப்பெருக்கியால் பாருங்கள். பலமுறை வளைக்கப்பட்ட டேப்பில் விரிசல் தோன்றுவது அங்கேதான்.

அடுத்ததாக, கட்டுப்பாட்டு அமைப்பைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்: ஸ்வாஷ் பிளேட் (விமானியின் கட்டுப்பாட்டைச் சுழலும் பிளேடுகளுக்குக் கடத்தும் தட்டு), சிசர்ஸ் மற்றும் ஸ்லீவ், ஸ்டெபிலைசர் பார் (ரோட்டரோடு சுழன்று அதை நிலைப்படுத்தும் எடைத் தண்டு), மிக்ஸிங் லீவர், பிட்ச் லிங்க், பிட்ச் ஹார்ன், டிராக் பிரேஸ் (பிளேடின் பின்சாய்வை அமைக்கும் தண்டு; பெயர் ஒத்தாலும் டிராக் விலகலோடு தொடர்பில்லாதது). கீழிருந்து மேலே போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழேயுள்ள ஓர் இணைப்பில் இருக்கும் தளர்வு மேலேயுள்ள ஒவ்வொன்றையும் தளர்ந்ததுபோலக் காட்டும். மேலிருந்து தொடங்கினால் நல்ல பிட்ச் லிங்க்கைப் பழுதென்று கழற்றிவிடுவீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒருவர் கிரிப்பை (பிளேடின் அடியைப் பிடிக்கும் பகுதி) மெதுவாக அசைக்க, இன்னொருவர் ராட் எண்ட் பேரிங்கின் மேல் விரலை வைத்து உணர வேண்டும். விரல் தளர்வைக் கண்டுபிடிக்கும். அது எல்லைக்குள் இருக்கிறதா என்பதை டயல் அளவி சொல்லும். இரண்டும் வேண்டும்.

ஸ்டெபிலைசர் பாரின் இரண்டு டேம்பர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாரை ஒருபுறம் அழுத்தி விட்டால் அது தன் நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் கையேடு குறிப்பிடும் வரம்புக்குள் இருக்க வேண்டும். இரண்டு டேம்பர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடும் இருக்கக் கூடாது. ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் திரும்பினால், எத்தனை முறை டிராக் பார்த்தாலும் எண்கள் நிலைக்காது.

பைலான் மவுண்ட்டுகள் ஐந்தையும், லிஃப்ட் லிங்க்கையும், சறுக்குக் கட்டையின் குறுக்குக் குழாய்களையும் பார்த்த பிறகு, விமானி அறைக்குள்ளும் ஒரு பார்வை வேண்டும். தளர்ந்த இருக்கைத் தண்டவாளமும், திருகு விட்டுப்போன கருவிப் பலகையும் ரோட்டரின் குற்றமாகப் பதிவேட்டில் ஏறியதைப் பலமுறை பார்க்க முடிகிறது.

இந்த ஆய்வில் ஏதாவது அகப்பட்டால், அதைச் சரிசெய்து, மறுபடி பறந்து, அதிர்வு இன்னும் இருக்கிறதா என்று கேட்ட பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட வேலைகள் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

5. தொடக்க நிலைக்குக் கொண்டுவருதல்

பிளேடு அல்லது ஹப் மாற்றப்பட்டிருந்தால் பிட்ச் லிங்க் நீளத்தைக் கையேட்டின் தொடக்க அளவில் வைத்து, டேப்புகளைப் பூஜ்ஜியக் கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஹப்பின் மேல் பொருத்தும் பார்வைக் குழலால் இரண்டு பிளேடுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, தேவையானால் டிராக் பிரேஸால் சரிசெய்ய வேண்டும். இந்தச் சீரமைவைத் தவிர்த்துவிட்டு நேரே அதிர்வு அளக்கத் தொடங்குபவர்கள், பிற்பாடு பின்சாய்வுத் திருத்தம் வரம்பைத் தாண்டிப் போவதைக் கண்டு திகைக்கிறார்கள்.

எதுவும் மாற்றப்படவில்லை என்றால் இருக்கும் அமைப்பைக் கலைக்காதீர்கள். இப்போதைய பிட்ச் லிங்க் நீளம், டேப் கோணங்கள், எடைகள் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குழம்பிப்போனால் திரும்பி வர அந்தத் தாள் ஒன்றுதான் வழி.

6. உணரிகளைப் பொருத்துதல்

முடுக்கமானிகள் இரண்டையும் விமானி அறையில் வரைபடம் சொல்லும் இடத்தில், ஒன்றைச் செங்குத்தாகவும் மற்றொன்றைப் பக்கவாட்டாகவும் பொருத்துங்கள். அவற்றின் அம்புக்குறி எந்தப் பக்கம் நோக்கவேண்டும் என்பது முக்கியம். தலைகீழாகப் பொருத்தினால் அளவு சரியாகவே இருக்கும், கோணம் மட்டும் 180 பாகை மாறிவிடும். அதன்படி எடை சேர்த்தால் அதிர்வு இரட்டிப்பாகும்.

காந்த உணரியை ஸ்வாஷ் பிளேட்டின் சுழலாத பகுதியிலும், இன்டரப்டர் தகட்டைச் சுழலும் பகுதியிலும் பொருத்தி, இடைவெளியை அளவித் தகட்டால் சரிபாருங்கள். இடைவெளி கூடினால் துடிப்பு தவறி, கோணம் கருவியில் நிலைகொள்ளாமல் தாவும். ரோட்டரைக் கையால் ஒரு முழுச் சுற்று சுழற்றி, கட்டுப்பாடுகளை எல்லா எல்லைகளுக்கும் கொண்டுசென்று, எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள். வடங்களைச் சிறு சிறு இடைவெளிகளில் கட்டிக்கொண்டே வாருங்கள்; கட்டுப்பாட்டுத் தண்டுகளின் அருகே தொங்கும் வடம் அதிர்வைவிடப் பெரிய ஆபத்து.

நுனி அடையாளங்களை ஒட்டும்போது ஒரு பிளேடில் ஒருவிதக் கோடும், மற்றதில் வேறுவிதக் கோடும் இருக்க வேண்டும். எந்தக் கோடு எந்தப் பிளேடு என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். ஸ்ட்ரோப் இல்லாத இடங்களில் நுனிகளுக்கு இருவேறு நிறச் சுண்ணம் பூசி, கம்பத்தில் கட்டிய துணியை மெல்ல அருகே கொண்டுவந்து, துணியில் விழும் இரண்டு கறைகளின் இடைவெளியை அளக்கும் பழைய முறை இன்னமும் செல்லுபடியாகும். ஆனால் பயிற்சி பெற்றவர் மட்டுமே அந்தக் கம்பத்தைப் பிடிக்க வேண்டும், தரையில் மட்டுமே செய்ய வேண்டும்.

7. தரையில் டிராக் பார்த்தல்

காற்று மெல்ல வீசும் நாளைத் தேர்ந்தெடுங்கள்; காலை நேரம் நல்லது. ஹெலிகாப்டரைக் காற்றை எதிர்நோக்கி நிறுத்துங்கள். சுற்றியுள்ள இடத்தில் கிடக்கும் கற்கள், துணிகள், திருகுகள் அனைத்தும் அப்புறப்படுத்தப்பட்டிருக்க வேண்டும்.

குறைந்த ஆர்.பி.எம்.மில் முதலில் பார்த்து, பெரிய விலகல் இல்லையென்றால் மட்டும் முழு ஆர்.பி.எம்.முக்குச் செல்லுங்கள். ஸ்ட்ரோப் விளக்கை அறையின் உள்ளிருந்து நுனியை நோக்கிப் பிடித்தால் இரண்டு அடையாளங்களும் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். மேலே இருப்பது எது, எவ்வளவு என்பதை எழுதுங்கள்.

தரையில் தெரியும் விலகலைப் பிட்ச் லிங்க்கால் மட்டுமே திருத்த வேண்டும். டேப் தன் வேலையை முக்கியமாக முன்னோக்கிய வேகத்தில்தான் காட்டும். தரையில் தெரியும் விலகலுக்கு டேப்பை வளைத்தால், 90 நாட் வேகத்தில் புதிய விலகல் ஒன்று பிறக்கும். உயரத்தில் ஓடும் பிளேடைத் தாழ்த்துவதா, தாழ்ந்ததை உயர்த்துவதா என்ற கேள்விக்கு விடை, தன்சுழற்சி ஆர்.பி.எம்.மில் (என்ஜின் விசையின்றி இறங்கும்போது காற்றால் ரோட்டர் சுழலும் வேகம்) இருக்கிறது. பிட்ச் கோணம் மொத்தத்தில் கூடினால் தன்சுழற்சி ஆர்.பி.எம். குறையும், குறைந்தால் கூடும். கடைசியாகப் பதிவான தன்சுழற்சி ஆர்.பி.எம். எந்த ஓரத்துக்கு அருகில் இருக்கிறதோ, அதிலிருந்து விலகிச் செல்லும் திசையில் திருத்துங்கள்.

பிட்ச் லிங்க்கைத் திருப்பும் முன் அதன் உடலில் பென்சிலால் ஒரு கோடு இடுங்கள். திருப்பிய பின் நட்டை இறுக்கி, டார்க் செய்து, ஆய்வுத் துளையில் இழைகள் போதுமான அளவு உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்து, லாக் வயர் போட்ட பிறகே அடுத்த ஓட்டம். இன்னொரு திருத்தம் தேவைப்படலாம் என்று லாக் வயரைத் தள்ளிப்போடும் பழக்கத்தை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். இது பறப்புக் கட்டுப்பாடு. இரண்டாவது தகுதிபெற்றவரின் ஆய்வுக் கையெழுத்து ஒவ்வொரு முறையும் தேவை.

8. மிதப்பு நிலையில் பக்கவாட்டுச் சமநிலை

தரையில் டிராக் சரியான பிறகு, மிதப்பு நிலையில் அதை மறுபடி பார்த்து, அது சரியென்றால் பக்கவாட்டு முடுக்கமானிக்கு மாறுங்கள். டிராக் சரியாகும் முன் சமநிலை பார்ப்பது வீண். ஒரு பிளேடு உயரத்தில் ஓடும்போது அதன் இழுவையும் மாறுவதால் அந்த விளைவு பக்கவாட்டிலும் கலந்து தெரியும்.

கருவியை 324 ஆர்.பி.எம்.முக்கு இசைத்து, இசைவைச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தி உறுதிசெய்யுங்கள். இசைவு சற்று விலகினாலும் கோணம் பெரிதும் விலகும். இசைவைப் பார்க்காமல் எடுத்த ஓர் அளவீட்டை நம்பி, தவறான பிளேடில் எடை சேர்த்து, பிறகு வரைபடத்தையே குறைசொல்பவர்களை அடிக்கடி காணலாம்.

கருவி தருவது இரண்டு விவரங்கள்: நொடிக்கு எத்தனை அங்குலம் என்ற அளவு, கடிகார முகத்தில் எத்தனை மணி என்ற கோணம். இவ்வகை வேலைகளில் 0.2 ஐ.பி.எஸ். (நொடிக்கு 0.2 அங்குலம்) என்ற அளவைப் பொதுவான எல்லையாகக் கொள்வதுண்டு. உங்களுக்குரிய எல்லையைக் கையேட்டில் பாருங்கள். 5.4 ஹெர்ட்ஸில் 0.2 ஐ.பி.எஸ். என்பது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் அசைவு மட்டுமே.

இந்தப் புள்ளியை வரைபடத்தில் குறித்தால், இரண்டு அச்சுகளில் இரண்டு திருத்தங்கள் கிடைக்கும். ஓர் அச்சு நீளவாக்குச் சமநிலை: எந்தப் பிளேடுக்கு எவ்வளவு எடை என்று சொல்லும். பிளேடைக் கிரிப்பில் பிடிக்கும் போல்ட்டின் உள்ளீடற்ற நடுப்பகுதியில் அந்த எடை வைக்கப்படுகிறது. போல்ட் ஹப்புக்கு அருகே இருப்பதால், நுனியில் சில கிராம் செய்யும் வேலைக்கு இங்கே பல மடங்கு எடை தேவைப்படும். மற்ற அச்சு குறுக்குவாக்குச் சமநிலை: எந்தப் பிளேடை எவ்வளவு பின்னுக்குச் சாய்க்க வேண்டும் என்று சொல்லும், அது டிராக் பிரேஸால் செய்யப்படுகிறது. இரண்டு பிளேடு ரோட்டரில் எடையை இரண்டு முனைகளில் மட்டுமே வைக்க முடியும் என்பதால், எடை மட்டும் எல்லாத் திசைத் தவற்றையும் தீர்க்காது. இதைப் புரிந்துகொள்ளாதவர் எடையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டு, அளவு ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்க மறுப்பது ஏன் என்று விளங்காமல் நிற்பார்.

இரண்டில் பெரிய தவற்றை முதலில், அதை மட்டும் திருத்துங்கள். பிறகு மறுபடி அளந்து, புதிய புள்ளியையும் பழைய புள்ளியையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தக் கோடு வரைபடம் சொன்ன திசையில் சென்றால் வரைபடத்தை நம்பித் தொடரலாம். வேறு திசையில் சென்றால், ஒன்று உணரி தவறாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, அல்லது இந்த ஹெலிகாப்டர் வரைபடத்திலிருந்து சற்று விலகி நடக்கிறது. பொருத்தத்தைச் சரிபார்த்த பிறகும் அதே விலகல் வந்தால், வரைபடத்தின் கோணத்தை அந்த அளவு திருத்திக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் எடையையும் சாய்வையும் டேப்பையும் மாற்றிவிட்டால் இந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

9. முன்னோக்கிய பறப்பில் டேப் திருத்தம்

மிதப்பு நிலை ஒழுங்கான பிறகு 60 நாட், 90 நாட், அதன்பின் கையேடு அனுமதிக்கும் உயர்வேகம் என்று படிப்படியாகச் செல்லுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் விமானி நேர்மட்டமாக, திசை மாறாமல் நிலைநிறுத்திய பிறகே அளவீடு எடுக்க வேண்டும். எரிபொருள் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, உயரம் மூன்றையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் முடிந்தவரை ஒரே மாதிரி வையுங்கள். இல்லையெனில் நீங்கள் ஒப்பிடுவது இரு வேறு ஹெலிகாப்டர்களை.

வேகம் கூடக்கூட ஒரு பிளேடு மேலேறினால் அது டேப்புக்கான வேலை. டேப்பை மேல்நோக்கி வளைத்தால் அந்தப் பிளேடு உயரும், கீழ்நோக்கி வளைத்தால் தாழும். எல்லா வேகங்களிலும் விலகல் ஒரே அளவாக இருந்தால் பிட்ச் லிங்க்குக்குத் திரும்புங்கள். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதித் தடுமாற்றம் தீரும்.

டேப்பைக் கருவியால் மட்டும் வளையுங்கள். கையாலும் இடுக்கியாலும் வளைத்தால் நீளம் முழுவதும் ஒரே கோணம் வராது. வேண்டிய கோணத்தைச் சற்றுத் தாண்டி வளைத்துத் திரும்பக் கொண்டுவரும் பழக்கம் மடிப்புக் கோட்டைக் களைப்படையச் செய்யும். ஆகவே மெல்ல மெல்ல ஒரே திசையில் அணுகுங்கள். வளைத்த பின் பல இடங்களில் கோணத்தை அளங்கள். அடுத்த பறப்புக்குப் பிறகும் ஒருமுறை அளப்பது நல்லது, ஏனெனில் உலோகம் சற்றுத் திரும்பியிருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் நீதிபதி செங்குத்து முடுக்கமானிதான். இரண்டு நுனிகளும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அதிர்வு இருக்கலாம். சற்றே விலகித் தெரிந்தும் ஹெலிகாப்டர் மிக மென்மையாகப் பறக்கலாம். இரு பிளேடுகளும் முழுமையாக ஒத்த வடிவில் இருப்பதில்லை. எண் எல்லைக்குள் வந்துவிட்ட பிறகு படத்தை அழகாக்குவதற்காக டேப்பைத் தொடாதீர்கள்.

10. திரும்பிப் பார்த்தலும் தன்சுழற்சிச் சோதனையும்

டேப்பையோ பிட்ச் லிங்க்கையோ தொட்டிருந்தால் மிதப்பு நிலைப் பக்கவாட்டு அளவை மறுபடி எடுங்கள். சிறிதளவு மாறியிருக்கும். பெரும்பாலும் ஒரு சிறு எடைத் திருத்தத்துடன் முடியும்.

பிட்ச் லிங்க் நீளம் மாறியிருந்தால் தன்சுழற்சி ஆர்.பி.எம். சோதனை கட்டாயம். அதைச் சோதனைப் பறப்புக்குத் தகுதிபெற்ற விமானி, கையேட்டின் எடை, உயர, வெப்பநிலை அட்டவணையோடு ஒப்பிட்டுச் செய்வார். எல்லைக்கு வெளியே இருந்தால் இரண்டு பிட்ச் லிங்க்குகளையும் ஒரே அளவு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இதுவரை செய்த டிராக் வேலை கலைந்துவிடும். அதிர்வைக் குறைத்த மகிழ்ச்சியில் இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர், என்ஜின் நின்றுபோகும் நாளில் விமானிக்குக் கிடைக்க வேண்டிய ரோட்டர் வேகத்தோடு விளையாடுகிறார்.

11. எப்போது நிறுத்த வேண்டும்

நீளவாக்கு எடையோ பின்சாய்வோ டேப் கோணமோ கையேட்டின் உச்சவரம்பை நெருங்கினால் நிறுத்துங்கள். திருத்தத்துக்குத் திருத்தம் கோணம் ஒழுங்கில்லாமல் தாவினால் நிறுத்துங்கள். காலையில் எடுத்த அளவு மாலையில் எந்த மாற்றமும் செய்யாமலே மாறியிருந்தால் நிறுத்துங்கள். இந்த மூன்றும் நான்காம் படியில் ஏதோ தப்பிவிட்டது என்பதற்கான அடையாளங்கள். தளர்வான பேரிங்கு, நீர் புகுந்த பிளேடு, சோர்ந்த டேம்பர் ஆகிய மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள்.

12. வேறு வகை ஹெலிகாப்டர்களுக்குச் செல்பவர்களுக்கு

நான்கு பிளேடுகள் கொண்ட யூஎச்-60 பிளாக் ஹாக்கில் ரோட்டர் நிமிடத்துக்கு 258 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் அதிர்வு 4.3 ஹெர்ட்ஸ், இயல்பாகவே இருக்கும் நான்குமுறை அதிர்வு 17.2 ஹெர்ட்ஸ். அந்த நான்குமுறை அதிர்வு கூடினால் ஹப்பின் மேலுள்ள பைஃபிலார் எடைகளின் (அதிர்வை உறிஞ்ச ஊசல்போல் ஆடும் எடைகள்) தேய்மானத்தைப் பாருங்கள். பிளேடுகளின் உள்தண்டில் நிரப்பப்பட்ட நைட்ரஜனின் அழுத்தத்தைக் காட்டும் குறிகாட்டியை ஆய்வின் முதல் வரியில் சேர்க்க வேண்டும்.

அங்கும், மூன்று பிளேடு கொண்ட சேத்தக் ஹெலிகாப்டரிலும், பிளேடுகள் முன்பின்னாக அசையும் கீல் உண்டு. ஆகவே அந்த அசைவை அடக்கும் டேம்பர்கள் நல்ல நிலையில் இல்லாமல் ரோட்டரைச் சுழற்றினால் தரை ஒத்ததிர்வு ஏற்பட்டு, ஹெலிகாப்டர் நொடிகளில் சிதைந்துபோகலாம். இரண்டு பிளேடுகளும் சீசாப் பலகைபோல் ஒன்றாக ஏறி இறங்கும் யூஎச்-1எச்சின் ஹப்பில் அந்தக் கீல் இல்லாததால் இந்த ஆபத்துக்குப் பழகாதவர்கள், அங்கே செல்லும்போது டேம்பர் ஆய்வை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும்.

13. முடித்தலும் பதிவேடும்

உணரிகள், வடங்கள், நுனி அடையாளங்கள் அனைத்தையும் கழற்றி, எண்ணி, பெட்டியில் வையுங்கள். இன்டரப்டர் தகடு இருந்த இடத்தில் முதலில் இருந்த போல்ட்டும் வாஷரும் அதே நீளத்தில் திரும்ப வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். லாக் வயர்கள் இறுகும் திசையில் இழுக்கும்படி போடப்பட்டுள்ளனவா என்பதை இரண்டாம் ஆய்வாளர் பார்க்க வேண்டும். கருவிப் பலகை நிறைந்த பிறகே ஹெலிகாப்டர் ஒப்படைக்கப்பட வேண்டும்.

பதிவேட்டில் “டிராக் மற்றும் சமநிலை செய்யப்பட்டது” என்ற ஒற்றை வரி போதாது. தொடக்க அளவு, கடைசி அளவு, ஒவ்வொரு வேகத்திலும் செங்குத்து எண், எந்தப் பிளேடில் எவ்வளவு எடை, பிட்ச் லிங்க் எத்தனை முகம் (அறுகோணத்தின் ஒரு பக்க அளவு ஒரு முகம்) திருப்பப்பட்டது, டேப்பின் முந்தைய கோணமும் புதிய கோணமும், தன்சுழற்சி ஆர்.பி.எம்., அன்றைய வெப்பநிலை, எரிபொருள் அளவு ஆகியவற்றை எழுதி, துருவ வரைபடத் தாளையும் இணைத்து வையுங்கள். அடுத்த முறை இதே ஹெலிகாப்டரில் அதிர்வு கூடும்போது, வேலைக்கு வருபவர் முதலில் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான்.